நிறம் சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் வாங்கச் சொல்ல மாட்டேன்

ஆறு மைத் தொட்டிகள் கொண்ட புகைப்பட பிரிண்டரின் விலை அண்மையில் குறைந்ததைப் பார்த்த நண்பர் ஒருவர், அதை வாங்கலாமா என்று கேட்டார். வேகமும் கொள்ளளவும் பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கின்றன. நெடுநாள் அதைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது நிறத்தைப் பற்றி மட்டுமே.

திரையில் அரக்காகத் தெரிந்த பட்டுப்புடவை தாளில் காப்பிப்பொடி நிறத்தில் கறுத்து விழுந்தால், பலரும் மையைத்தான் குறை சொல்வார்கள். குற்றத்தில் பாதி திரையினுடையது. புது மானிட்டர்கள் பெரும்பாலும் கண் கூசும் வெளிச்சத்தோடுதான் வருகின்றன. அந்த வெளிச்சத்தை நம்பித் திருத்திய படம் தாளில் இருண்டுதான் போகும். திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டரைத் திரைமேல் வைத்து, வெண்மையை 6500 கெல்வினுக்கும் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100 கேண்டெலா அளவுக்கும் கொண்டுவந்த பிறகே பிரிண்டரைத் திட்டுவதற்கு நமக்கு உரிமை வருகிறது. தாளில் விழுந்த நிறத்தை அளக்க அந்தக் கருவி போதாது. அதற்கு வேண்டிய ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வீட்டுக்குக் கட்டுப்படியாகாத விலை. ஆகவே, குறிப்பிட்ட தாளுக்கும் குறிப்பிட்ட பிரிண்டர் மாடலுக்குமாகத் தாள் தயாரிப்பாளரே இலவசமாகத் தரும் ஐசிசி புரொஃபைலை, அதாவது அந்தத் தாளில் நிறங்கள் எப்படி விழும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பைத்தான் நான் பயன்படுத்துகிறேன். வேறு தாள் வாங்கினால் வேறு புரொஃபைல் என்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத தாளை வாங்குவதில் பொருளில்லை.

என் எரிச்சல் இதில் எதிலும் இல்லை. புரொஃபைலின்படி நிறங்களை மாற்றும் பொறுப்பை ஃபோட்டோஷாப்பிடம் ஒப்படைத்துவிட்டால், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரில் உள்ள நிறத் திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒரே படத்துக்கு இரண்டு முறை திருத்தம் நடந்து, முகமெல்லாம் மெஜந்தா என்னும் ஊதாச் சிவப்பைப் பூசிக்கொள்ளும். நான் அணைத்துச் சேமித்து வைத்தாலும், தாள் வகையை மாற்றினாலோ டிரைவரைப் புதுப்பித்தாலோ அந்தத் திருத்தம் ஓசைப்படாமல் மறுபடி உயிர் பெற்றுவிடுகிறது. எச்சரிக்கை என்று ஒரு வரிகூடத் திரையில் வருவதில்லை. விலையுயர்ந்த பளபளப்புத் தாள் ஒன்று பாழாகி வெளியே வந்த பிறகுதான் விஷயம் தெரியவரும். மை தீரப்போகிறது என்பதை ஓயாமல் நினைவூட்டத் தெரிந்த மென்பொருளுக்கு இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

எல்லாம் ஒழுங்காக அமைந்த நாளில் வரும் படத்தைக் குறை சொல்ல மனம் வராது. வெளிர் சியானும் (பச்சை கலந்த நீலம்) வெளிர் மெஜந்தாவும் தனித்தனி மைகளாக இருப்பதால், கன்னத்தின் வெளிச்சப் பகுதிகள் புள்ளி தெரியாமல் இழைந்து வருகின்றன. மாநிறம் மாநிறமாகவே நிற்கிறது, பல ஸ்டூடியோக்கள் செய்யும் வெளுப்பு வேலை இங்கே இல்லை. ஜரிகையின் மினுக்கம் மட்டும் மஞ்சளாகத் தங்கிவிடுகிறது. அதை இந்த ஆறு மைகளில் எதனாலும் கொண்டுவர முடியாது. மை நன்றாக உலர ஒரு நாள் விட்டு, சன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அரக்கு அரக்காகவே இருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, வாங்க வேண்டாம், புகைப்பட லேபில் கொடுத்தே போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் நண்பரிடம் முடித்தேன். அப்படியானால் உங்களுடையதைப் பாதி விலைக்குத் தருகிறீர்களா என்று அவர் கேட்டார். தருவதாக இல்லை.