ஸ்நாப் சிபிஎல் கிட்: நோயைக் காட்டும், நாய் பிழைக்குமா என்று காட்டாது

வாந்தியும் வயிற்று வலியுமாகச் சுருண்டு கிடக்கும் நாய்க்குக் கணைய அழற்சியா, இல்லையா? ஐடெக்ஸ் நிறுவனத்தின் ஸ்நாப் சிபிஎல் கிட், ரத்தத்தில் உள்ள கணைய லைபேஸ் என்ற நொதியைப் பார்த்து, கிளினிக்கிலேயே பத்து நிமிடத்தில் பதில் சொல்கிறது. சிறுநீரகம் கெட்டாலே ஏறிவிடும் அமைலேஸ் என்ற இன்னொரு நொதியைப் பார்க்கும் பழைய பரிசோதனையைவிட எவ்வளவோ மேல்.

செய்முறை எளிது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அறை வெப்பநிலைக்கு வரவிடுங்கள். சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) 3 சொட்டு, கான்ஜுகேட் (கிட்டோடு வரும் வினைத் திரவம்) 4 சொட்டு. குழாயை மெதுவாகச் சிலமுறை கவிழ்த்துக் கலந்து கிட்டில் உள்ள மாதிரிக் குழியில் ஊற்ற வேண்டும். ஆக்டிவேஷன் வட்டத்தில் நிறம் தலைகாட்டியதும் கிட்டை அழுத்திவிட வேண்டும். பலர் சொதப்புவது இங்கேதான்: வட்டம் முழுக்க நீலமாகட்டும் என்று காத்திருக்கிறார்கள்.

மாதிரிப் புள்ளி ஒப்பீட்டுப் புள்ளியைவிட வெளிறியிருந்தால் லைபேஸ் அளவு இயல்பு. கணைய அழற்சிக்கு வாய்ப்பு குறைவு. இந்தப் பதிலை ஓரளவு நம்பலாம். சமமாகவோ கருத்தோ இருந்தால் லிட்டருக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் என்று பொருள். ஆனால் அதே லைபேஸை எண்ணாக அளந்து தரும் ஆய்வகப் பரிசோதனையான ஸ்பெக் சிபிஎல்லில் 400 தொட்டால்தான் கணைய அழற்சிக்கு வலுவான சான்று, இடைப்பட்டது இரண்டுங்கெட்டான். குடலில் எதையாவது விழுங்கி அடைத்திருக்கும் நாய்க்கும் புள்ளி கருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

புள்ளி எவ்வளவு கருத்தது என்று பார்த்து "ரொம்ப மோசம்" என்று உரிமையாளரிடம் சொல்வது தவறு. அதற்கு வேறு அளவுகோல் இருக்கிறது. நாயின் கணைய அழற்சி எவ்வளவு தீவிரம் என்று கணிக்க 2019இல் வெளியான கேப்ஸ் (CAPS) மதிப்பெண் நான்கைப் பார்க்கிறது: உடல் முழுதும் பரவிய அழற்சி, ரத்தம் உறைவதில் கோளாறு, உயர்ந்த கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவு), குறைந்த அயனி கால்சியம் (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் தனியாக இருக்கும் கால்சியம்). கூட்டல் 11ஐத் தொட்டால் 30 நாளுக்குள் இறக்கும் அபாயம் அதிகம். பரவிய அழற்சிக்கு வழக்கமான வரம்புகள்: வெப்பநிலை 38.1க்குக் கீழ் அல்லது 39.2 டிகிரிக்கு மேல், நாடித்துடிப்பு 120க்கு மேல், மூச்சு 20க்கு மேல், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளணு 6,000க்குக் கீழ் அல்லது 16,000க்கு மேல். இவற்றில் இரண்டு போதும். பயந்த நாய்க்குத் துடிப்பும் மூச்சும் சும்மாவே ஏறும். அமைதியானபின் மறுபடி எண்ணுங்கள்.

கால்சியத்தில்தான் ஏமாற்றம் அதிகம். ரத்தப் புரதமான ஆல்புமின் குறைந்தால் மொத்த கால்சியமும் குறைவாகத் தெரியும். அதை வைத்து மதிப்பெண் போடக்கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்து போட்ட குழாயின் ரத்தம் கலந்தால் கால்சியம் விழும், பொட்டாசியம் எகிறும். இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் குழாயைச் சந்தேகியுங்கள்.

அயனி கால்சியம் பார்க்கும் கருவி இல்லாத கிளினிக் என்றால், கிட்டை மொத்தமாக வாங்கி அடுக்குவதற்கு முன் அந்தக் கருவிக்குப் பணம் ஒதுக்குவதே என் தேர்வு.