லண்டனில் இரண்டு முதுநிலைப் படிப்புகள்: கட்டடக் கலைஞர்களுக்கான ஒரு மதிப்பீடு

ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். முடித்து, இரண்டு மூன்று ஆண்டுகள் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் வரைபடம் போட்டுப் பழகிய இளம் கட்டடக் கலைஞர்கள் பலருக்கு, தனித்தனி வீடுகளை விட்டு நகரத்தின் பக்கம் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் ஒரு கட்டத்தில் வருகிறது. அப்போது அவர்கள் எதிர்கொள்ளும் முதல் சிக்கல், நம் நாட்டில் நகர வடிவமைப்பும் வீட்டுவசதியும் பெரும்பாலும் வெவ்வேறு துறைகளில் கற்பிக்கப்படுகின்றன என்பதுதான். டெல்லியின் திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் நகர வடிவமைப்பு கட்டடக்கலை முதுநிலையான எம்.ஆர்க். பட்டத்தின் கீழும், வீட்டுவசதி திட்டமிடல் முதுநிலையான எம்.பிளான். பட்டத்தின் கீழும் வருகின்றன. ஒன்றில் தெருவையும் சதுக்கத்தையும் வரைகிறார்கள்; மற்றதில் கொள்கையையும் கடனையும் படிக்கிறார்கள். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க விரும்புகிறவர்கள் கேட்டறியும் பெயர்களில் முக்கியமான இரண்டு லண்டனில், ப்ளூம்ஸ்பரி பகுதியில், ஒன்றுக்கொன்று நடந்தே போகும் தொலைவில் இருக்கின்றன. இந்த மதிப்பீடு அவ்விரண்டையும் பற்றியது.

முதலாவது, 1847-இல் தொடங்கப்பட்ட ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் பள்ளியின் ‘ஹவுசிங் அண்ட் அர்பனிசம்’ படிப்பு. இதில் பன்னிரண்டு மாத எம்.ஏ., பதினாறு மாத எம்.ஆர்க். என்று இரண்டு வழிகள் உண்டு. எம்.ஏ. எழுத்து வடிவிலான ஆய்வேட்டோடு முடிகிறது, எம்.ஆர்க். வடிவமைப்பு வழியாகச் செய்யும் ஆய்வேட்டோடு முடிகிறது. இரண்டாவது, லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் வளர்ச்சித் திட்டமிடல் பிரிவு, அதாவது டி.பி.யு., நடத்தும் ‘பில்டிங் அண்ட் அர்பன் டிசைன் இன் டெவலப்மென்ட்’ என்ற ஓராண்டு எம்.எஸ்சி. படிப்பு.

இவ்விரண்டும் ஒரு வகையில் ஒரே வீட்டிலிருந்து பிரிந்தவை. வெப்பமண்டல நாடுகளுக்கான கட்டடக்கலைத் துறை ஒன்று 1954-இல் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனில் தொடங்கியது. 1971-இல் அது பல்கலைக்கழகக் கல்லூரிக்கு இடம்பெயர்ந்து டி.பி.யு. ஆயிற்று. அதை நெடுங்காலம் வழிநடத்திய ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் நமக்கு அந்நியர் அல்லர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்து மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். 1948-இல் புவனேசுவரத்தின் திட்டத்தை வகுத்தவர். சுதந்திர இந்தியாவின் வீட்டுவசதி இயக்குநராகவும் பணியாற்றியவர். பிரிவினை அகதிகளின் வீட்டுத் தேவையை மனத்தில் கொண்டு டெல்லியில் அவர் முன்னின்று அமைத்த முன்வார்ப்பு வீட்டுத் தொழிற்சாலை தோற்றுப்போன பிறகுதான் அவர் லண்டன் சென்றார். வீட்டைப் பொருளாக உற்பத்தி செய்து தள்ளிவிட முடியாது என்ற பாடம் டி.பி.யு.வின் அடித்தளத்திலேயே இருப்பதற்கு அந்தத் தோல்வியும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

என் மதிப்பீட்டின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.ஆர்க். படித்தவருக்குத் தெரியாத ஒன்றை இந்தப் படிப்புகள் நன்றாகவே கற்றுத் தருகின்றன: வீட்டின் வடிவத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வரைகோல் அல்ல, நிலம் யாருடையது, எவ்வளவு காலத்துக்கு, யார் கடன் கொடுக்கிறார், யார் வாடகை கட்டுகிறார் என்ற நிபந்தனைகள்தான். ஆனால் அந்த நிபந்தனைகளைக் கணக்காகப் போட்டுப் பார்க்கும் திறனை மாணவர் பெரும்பாலும் தானாகவே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் பாதிக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷன் குடியிருக்கும் பெட்ஃபர்டு சதுக்கமே போதும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெட்ஃபர்டு கோமகன் குடும்பம் தன் நிலத்தை விற்காமல், கட்டுநர்களுக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது 1776-இல் போட்ட ஒப்பந்தத்திலேயே சேர்ந்துவிட்டது. உள்ளே அறைகளை எப்படிப் பிரிப்பது என்பது அவரவர் விருப்பம். வெளியே ஒவ்வொரு பக்கமும் ஒரே அரண்மனை போலத் தெரிய வேண்டும். நான்கு பக்கங்களிலும் நடுப்பகுதிக்கு மட்டும் வெள்ளைச் சுண்ணப் பூச்சும் முக்கோண முகடும் இருக்கும்; மற்றவை செங்கல் முகமாக வரிசையில் ஒதுங்கி நிற்கும். குத்தகை முடிந்தால் கட்டடம் நிலக்காரருக்கே திரும்பும் என்பதால், நன்றாகக் கட்டச் சொல்வதில் அவருக்கு நேரடி நலன் இருந்தது. நம் ஊரில் மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எஃப்.எஸ்.ஐ. இரண்டா, மூன்றே காலா, மனை எல்லையிலிருந்து விட வேண்டிய செட்பேக் எவ்வளவு என்று விதிப்புத்தகத்தைப் புரட்டியே பழகிய ஒருவருக்கு, ஒரு குத்தகைப் பத்திரம் ஒரு சதுக்கத்தையே வடிவமைத்திருக்கிறது என்பது சாதாரணச் செய்தி அல்ல. அதற்காக அந்தக் கோமகன் குடும்பத்தை முன்மாதிரி என்று யாரும் கொள்ள வேண்டியதில்லை. அது பணக்காரர்களுக்காகக் கட்டிய சதுக்கம்.

அங்கிருந்து ரஸ்ஸல் சதுக்கம் வழியாக நடந்தால் பிரன்ஸ்விக் சென்டர். பேட்ரிக் ஹாட்ஜ்கின்சன் வடிவமைத்து 1972-இல் முடிந்த இந்தக் கான்கிரீட் குடியிருப்பில், இரண்டு வரிசைகள் எதிரெதிரே படிப்படியாகப் பின்வாங்கி ஏறுகின்றன. ஒவ்வொரு வீட்டின் முன்னறையும் சரிந்த கண்ணாடிக் கூரையோடு வெளியே நீள்வதால், மேகம் மூடிய நாளிலும் உள்ளே வெளிச்சம் விழுகிறது. நடுவே கடைத்தெரு. இது தனியார் விற்பனைக்காகத் தொடங்கிய திட்டம். இடையில் குடியிருப்புப் பகுதியை அப்பகுதியின் உள்ளாட்சியான கேம்டன் கவுன்சில் குத்தகைக்கு எடுத்ததால் அரசு வாடகை வீடுகளாக மாறியது. உரிமை முறை மாறியதும் யார் வாழ்கிறார்கள், யார் பராமரிக்கிறார்கள் என்பதெல்லாம் மாறின. நீண்ட காலம் கறை படிந்து கிடந்த கான்கிரீட், 2006-இல் முடிந்த சீரமைப்பில் வெளிர் வண்ணம் பூசப்பட்டு, கடைகளும் உயர்தரமானவையாக மாறின. 1980-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் கவுன்சில் வாடகைதாரர்களுக்கு வீட்டைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையைக் கொடுத்த பிறகு, இப்படிப்பட்ட கட்டடங்களில் ஒரே நடைக்கூடத்தில் வாடகைதாரரும் உரிமையாளரும் கலந்து வாழ்கிறார்கள். இடித்துக் கட்டலாமா, சீர்செய்யலாமா என்ற விவாதம் வரும்போது அந்தக் கலப்புதான் முடிச்சாகிறது. ஸ்மித்ஸன் தம்பதியர் வடிவமைத்த ராபின் ஹூட் கார்டன்ஸ் என்ற கவுன்சில் குடியிருப்பு இடிக்கப்பட்டது. நீவ் பிரவுன் வடிவமைத்த அலெக்சாண்ட்ரா சாலைக் குடியிருப்பு 1993-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாயிற்று. இவ்வளவும் ஒரே நகரத்தில் கண்முன் கிடப்பதுதான் லண்டனில் படிப்பதன் உண்மையான வசதி. நூலகம் இரண்டாம்பட்சம்.

கற்பிக்கும் முறையில் இரண்டு பள்ளிகளும் வேறுபடுகின்றன. ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனில் ஸ்டுடியோவே மையம். மாணவர்கள் குழுக்களாக லண்டனின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, வடிவமைப்பையே ஆராய்ச்சிக் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள்; விரிவுரைகளும் எழுத்துப் பணியும் அதற்கு இணையாக நடக்கின்றன. வரையக் கை துறுதுறுக்கிறவர்களுக்கு இது பொருந்தும். குழுவேலை பிடிக்காதவர்கள், தன் பெயரில் ஒரு திட்டம் வேண்டும் என்று நினைப்பவர்கள், இங்கே மனம் சலித்துப்போவார்கள்.

டி.பி.யு.வில் வரைவதைவிட, யாரோடு சேர்ந்து வரைகிறோம் என்பதற்கே எடை அதிகம். இதன் கள வேலை பல ஆண்டுகள் தாய்லாந்து, கம்போடியா, மியன்மார் ஆகிய நாடுகளில், ஆசிய வீட்டுரிமைக் கூட்டமைப்போடு தொடர்புடைய சமூகக் கட்டடக் கலைஞர் வலைப்பின்னலோடு சேர்ந்து நடந்திருக்கிறது. தாய்லாந்தில் 2003-இல் தொடங்கிய ‘பான் மன்காங்’ திட்டம் நம்மவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று. அங்கே அரசு வீட்டைக் கட்டிச் சாவி கொடுப்பதில்லை. குடிசைப் பகுதி மக்கள் முதலில் சேமிப்புக் குழுவாகவும் பிறகு கூட்டுறவாகவும் திரள்கிறார்கள், கூட்டுறவு நிலத்துக்குப் பேரம் பேசுகிறது, கடன் தனிநபருக்கு அல்லாமல் கூட்டுறவுக்கே கிடைக்கிறது. அப்படி ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, முப்பது குடும்பங்கள் ஒரு தெருவின் அகலத்தை இழுபறிக்குப் பிறகு முடிவு செய்வதைப் பார்த்த மாணவர், பிறகு ஒருபோதும் ‘பயனாளி’ என்ற பெட்டியில் ஓர் எண்ணிக்கையை மட்டும் எழுதிவிட்டுப் போகமாட்டார். இந்த ஒரு காரணத்துக்காகவே, அரசு வீட்டுவசதித் துறையிலோ தொண்டு நிறுவனத்திலோ வேலை செய்யப் போகிறவருக்கு நான் டி.பி.யு.வைச் சொல்வேன்.

இனி குறை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களில் வெளிநாட்டில் இத்தகைய படிப்பை முடித்தவர்களுடையவை தனியாகத் தெரியும். எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமல்ல. பக்கம் முழுவதும் விரியும், மேலிருந்து சாய்வாகப் பார்ப்பதுபோல் வரைந்த ஆக்சோனோமெட்ரிக் வரைபடம், அதில் துணி காயப்போடும் பெண், தள்ளுவண்டி, மாடியில் தக்காளிச் செடி எல்லாம் இருக்கும். இந்த வீட்டின் வாடகை என்ன, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு எவ்வளவு, கடைகளின் வருமானத்தில் எத்தனை வீடுகளைத் தாங்க முடியும் என்று கேட்டால் பதில் இருக்காது. லண்டனிலேயே, மலிவு வீடுகள் எத்தனை என்பது 1990-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவின் கீழ் நடக்கும் பேரத்தில், கட்டுநர் கொண்டுவரும் லாபநட்டக் கணக்கின் மேல்தான் பெரும்பாலும் முடிவாகிறது. அந்தக் கணக்குத்தாளைத் திறந்து, நில விலை என்ற ஒரே ஓர் எண்ணை மாற்றினால் எத்தனை வீடுகள் கூடும், குறையும் என்று பார்க்கத் தெரியாத நகர வடிவமைப்பாளர் பேச்சுவார்த்தை மேசையில் பார்வையாளராகவே இருப்பார். நிதியைப் பற்றிய வாசிப்பு இந்தப் படிப்புகளில் இல்லாமல் இல்லை. ஆனால் மாணவர் திட்டங்களை மதிப்பிடும் ஜூரியில் மதிப்பெண் பெற்றுத் தருவது அது அல்ல. ஓராண்டு அதற்குப் போதாது என்று சொல்லலாம். நான் ஒப்புக்கொள்வது கடினம்.

விண்ணப்பிக்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய சில நடைமுறைச் செய்திகள் உண்டு. ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனின் இந்த எம்.ஆர்க்., பிரிட்டனில் கட்டடக் கலைஞராகப் பதிவு செய்வதற்கு வழிவகுக்கும் ‘பார்ட் டூ’ தகுதி அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் ஏமாறுகிறவர்கள் உண்டு. 2024 ஜனவரி முதல் இத்தகைய முதுநிலைப் படிப்புக்குச் செல்பவர்கள் துணையையோ குழந்தைகளையோ சார்ந்தோர் விசாவில் அழைத்துச் செல்ல முடியாது. கட்டணமும் லண்டன் வாடகையும் சேர்ந்தால் கடன் தவிர்க்க முடியாதது. அந்தக் கடனை இந்தியச் சம்பளத்தில் அடைக்க நினைப்பவர் முதலில் தன் கணக்குத்தாளைப் போட்டுப் பார்க்கட்டும். இதோடு ஒப்பிட்டால், முதுநிலை நுழைவுக்கான கேட் (GATE) தேர்வில் தேறி இங்கேயே இரண்டாண்டு முதுநிலை படிப்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்க வாய்ப்பு உண்டு. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வீட்டுவசதியைப் பாடமாகவே எடுக்கலாம். பி.ஆர்க். முடித்த கையோடு லண்டன் போகத் துடிப்பவர்களை நான் தடுத்துவிடுவேன். ஒரு கட்டட அனுமதிக் கோப்பு மேசை மேசையாக நகர்வதையாவது பார்த்துவிட்டுப் போனால்தான் அங்கே கேட்கக் கேள்விகள் இருக்கும்.

போகிறவர்கள் விண்ணப்பத்தில் தங்கள் ஊரிலிருந்தே ஒரு பொருளை எடுத்துச் செல்வது நல்லது. சென்னைக்காரர்களுக்குப் பொருள் அருகிலேயே இருக்கிறது. உலக வங்கிக் கடனில் 1970-களின் இறுதியில் தொடங்கிய மனையும் வசதிகளும் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும், அடுத்த கட்டத்தில் முகப்பேரிலும், சிறு மனைகளும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் கொடுத்து, வீட்டை மக்கள் தங்கள் வசதிக்கேற்பக் கட்டிக்கொள்ள விட்டார்கள். இன்று அந்தச் சிறு மனைகளில் இரண்டு மூன்று மாடிகள் ஏறி, கீழே கடையும் மேலே வாடகைக் குடித்தனமும் நடக்கின்றன. பின்னாளில் நகருக்கு வெளியே கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அடுக்குமாடிகளாகக் கட்டி மக்களைக் குடியமர்த்தியதோடு இதை ஒப்பிட்டு, இரண்டு இடங்களிலும் ஒரு தெருவையாவது அளந்து, வாடகையைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறவருக்கு, அந்த ஆண்டின் கட்டணத்தில் பாதியாவது வசூலாகிவிடும்.