மூலக் கோப்பு கையில் இல்லாதவரிடம் உங்கள் இசியுவைக் கொடுக்காதீர்கள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் டீசல் வான் ஓட்டுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மடிக்கணினியோடு வந்து, எஞ்சினை இயக்கும் கணினியான இசியுவில் (ECU) உள்ள கோப்பை மாற்றி எஞ்சினை 'டியூன்' செய்து தருவதாகச் சொன்ன ஒருவரால் என் வண்டி பதினொரு நாள் அசையாமல் நின்றது.

என்னுடையது டொயோட்டா கேடிஎச் வான், மூன்று லீற்றர் 1கேடி எஞ்சின். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கித்தான் குடும்பம் நடக்கிறது. கினிகத்தேனை ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்று நண்பரிடம் சொன்னேன். அவர் ஒரு இளைஞரைக் காட்டிவிட்டார். "அண்ணே, அரை மணித்தியாலத்தில் முடித்துத் தருகிறேன். டீசலும் மிச்சமாகும்" என்றார் அந்த இளைஞர். 35,000 ரூபாய் கொடுத்தேன்.

முதல் இரண்டு நாளும் வண்டி நன்றாகவே இழுத்தது. கொழும்பு ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. நானுஓயா தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும்போதுதான் பின்னால் வந்த வண்டியே தெரியாத அளவுக்குக் கரும்புகை கிளம்பியது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் டீசலையும் குறைக்கும்படி இசியுவில் ஒரு எல்லை வைத்திருப்பார்கள். அந்த எல்லையை அவர் உயர்த்திவிட்டிருந்தார். முழுதாக எரியாத டீசல் கரியாகிறது, வெளியேறும் வாயு கொதிக்கிறது, அந்தச் சூடு டர்போவையும் பிஸ்டனையும் அரிக்கிறது. புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறவில்லை. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

"பழையபடி ஆக்கித் தாருங்கள் தம்பி" என்று போய் நின்றேன். அப்போதுதான் தெரிந்தது, என் வண்டியின் மூலக் கோப்பு, அதாவது இசியுவில் முதலில் இருந்த மாற்றாத கோப்பு, அவரிடம் இல்லவே இல்லை.

இசியுவில் கோப்பை எழுத அவர் வைத்திருந்தது வெளிநாட்டுக் கருவி ஒன்றின் போலி. சில இசியுக்களில் ஓபிடி சொருகி (வண்டியோடு கணினியை இணைக்கும் இடம்) வழியாகக் கோப்பை எழுத முடியும், வாசித்து எடுக்க முடியாது. அசல் கருவிகள் சிலவற்றில், அந்த இசியுவின் மென்பொருள் எண்ணைக் கொடுத்தால் கருவித் தயாரிப்பாளரின் சர்வரிலிருந்து பொருத்தமான மூலக் கோப்பு வந்து சேரும். போலிக்கு அந்தத் தொடர்பு கிடையாது. அதனால் இணையத்தில் யாரோ பகிர்ந்த, எண் ஏறக்குறைய ஒத்துப்போகும் கோப்பை என் வண்டியில் எழுதியிருக்கிறார். அன்றும் அதேபோல் இன்னொன்றை ஏற்றத் தொடங்கினார். எழுதி முடியும்வரை மின்னழுத்தம் இறங்காமல் தாங்கும் மின்வழங்கியைக்கூட மாட்டவில்லை. பாதியில் நின்றுபோனது. அதன் பிறகு வான் ஸ்டார்ட் ஆகவில்லை.

"பற்றரி உங்களுடையதுதானே அண்ணே" என்றார். அந்தச் சொல்லை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. பற்றரியைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டியது அவருடைய கடமை அல்லவா?

பாவித்த இசியு ஒன்றைத் தேடிப்பிடித்து, வண்டிச் சாவியை அது ஏற்கும்படி செய்து, டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களின் திருத்தக் குறியீடுகளையும் அதில் பதிவுசெய்ய 1,80,000 ரூபாய் போனது. ரத்தான ஓட்டங்கள் தனி. கொடுத்த பணத்தில் ஒரு சதம்கூடத் திரும்பவில்லை; இப்போது தொலைபேசியும் எடுப்பதில்லை.

யாரிடம் போனாலும் கருவி அசலா, தயாரிப்பாளரிடம் அதன் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஓபிடி வழியாக வாசிக்க முடியாவிட்டால் இசியுவைக் கழற்றி மேசையில் வைத்து வாசிக்கத் தெரியுமா என்றும் கேளுங்கள். எதை எவ்வளவு மாற்றினார் என்பதை வின்ஓஎல்எஸ் போன்ற மென்பொருளில் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவர் வேறொருவரின் கோப்பைத்தான் ஏற்றப் பார்க்கிறார் என்பது என் கணிப்பு.

மாற்று இசியுவைப் பொருத்திய மெக்கானிக் பாஸ் முதலில் கோப்பை வாசித்து எடுத்து, ஒரு பென்டிரைவில் என் கையிலேயே தந்தார். வாகனப் புத்தகத்தோடு அதுவும் இப்போது வீட்டு அலுமாரியில் இருக்கிறது. கினிகத்தேனை ஏற்றத்தை இரண்டாம் கியரில் மெதுவாகவே ஏறிக்கொள்கிறேன்.