மீன் தீவனத்துக்கு மாங்கொட்டையா, புளியங்கொட்டையா?

கடலைப் புண்ணாக்கு விலை ஏறும்போதெல்லாம் குட்டையில் கெண்டை வளர்ப்பவர்களுக்கு வரும் யோசனை ஒன்றுதான்: இதில் ஒரு பங்கையாவது உள்ளூர்ச் சரக்கை வைத்து ஈடுகட்ட முடியாதா? கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கைக்கு எட்டுவது இரண்டு. மாங்கூழ் ஆலைகள் கழிக்கும் மாங்கொட்டை ஒன்று, புளி தட்டும் வீடுகளில் குவியும் புளியங்கொட்டை இன்னொன்று. காவேரிப்பட்டினம் பக்கம் உள்ள எங்கள் குட்டைக்கு நான் எடுத்துக்கொண்டது புளியங்கொட்டை.

விலையில் மாங்கொட்டைதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. வண்டி வாடகைதான் பெரிய செலவு. புளியங்கொட்டைக்கு மாவு ஆலைக்காரர்களும் போட்டிக்கு வருவார்கள்.

புரதத்தில் கதை மாறுகிறது. மாம்பருப்பில் 6 முதல் 9 சதவீதம்தான் புரதம், மிச்சம் பெரும்பாலும் மாவுச்சத்து. அது தவிட்டுக்கு மாற்றாகலாமே தவிர புண்ணாக்குக்கு ஆகாது. தோல் நீக்கிய புளியம்பருப்பில் 15 முதல் 20 வரை இருக்கும். வளரும் கெண்டைக்கு 25 முதல் 30 சதவீதம் தேவை. புரதச் சதவீதம் புண்ணாக்கில் 40, தவிட்டில் 12, புளியம்பருப்பில் 17, மாம்பருப்பில் 7 என்று வைத்தால், புண்ணாக்கும் தவிடும் பாதிக்குப் பாதி கலந்த கலவை 26 தரும். 100 கிலோவில் 45 புண்ணாக்கு, 35 தவிடு, 20 புளியம்பருப்பு என்று மாற்றினாலும் 25.6 நிற்கிறது. அதே 20 கிலோ மாம்பருப்பு என்றால் 23.6 ஆகிவிடும். மிச்சமாகும் புண்ணாக்கு 5 கிலோதான், பெரிய லாபக் கணக்கெல்லாம் இல்லை. ஆனால் 15 கிலோ தவிடும் சேர்ந்து மிச்சமாகிறது.

இதையெல்லாம் விட என்னை முடிவெடுக்க வைத்தது கொட்டையைக் காயவைக்கும் பாடுதான். பெங்களூரா மாங்காய் ஆலைக்கு வரும் ஆனி, ஆடியில் வானம் மூடிக்கொண்டிருக்கும். கொட்டை சதையும் ஈரமுமாக வந்து இறங்கும். கொட்டையின் மேலோட்டை அரிவாளால் பிளந்தால் உள்ளே பருப்பும் ஈரம். களத்தில் பரப்பி இரண்டு நாள் வெயில் தவறினால் போதும், பருப்பின் மடிப்பில் சாம்பல் பூத்து, அப்புறம் பச்சையாகிவிடும். பூசணம் பிடித்த தீவனத்தில் அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு சேர்ந்தால் மீனின் ஈரல் கெடும். அரைத்த பிறகு கண்ணுக்கும் தெரியாது. சொந்தமாக உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு மாங்கொட்டை சரிப்படும். வெயிலை நம்பி இருப்பவர்களுக்கு அது சரிவராது.

புளி அறுவடை மாசி, பங்குனியில். கொட்டை ஏற்கெனவே காய்ந்தே வருகிறது, வெயிலும் சுள்ளென்று இருக்கும். மூட்டை கட்டி வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். வண்டு மட்டும் விழும், அவ்வப்போது எடுத்து வெயிலில் போட வேண்டும்.

வேலை இதிலும் உண்டு. துவர்ப்பு முழுக்க அந்தச் செம்பழுப்புத் தோலில்தான் இருக்கிறது. அந்தத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் புரதத்தைப் பிடித்துக்கொண்டு செரிக்க விடாது. அதனால் மணலோடு சேர்த்து வறுக்கிறோம். படபடவென்று வெடிக்கும் சத்தம் அடங்கியதும் இறக்கி, சூட்டோடு இடித்து, முறத்தில் புடைத்தால் தோல் பறந்து வெள்ளைப் பருப்பு நிற்கும். அதை இரவு ஊறவைக்கிறோம். காலையில் தண்ணீர் சிவந்திருந்தால் தோல் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், அதை இறுத்துவிட்டு மறுபடி ஊறல். பிறகு காயவைத்து மில்லில் அரைத்து, வேகவைத்துக் கலவையில் சேர்க்கிறோம். வறுப்பதிலும் வேகவைப்பதிலும் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களும் பெருமளவு அடங்கிவிடுகின்றன.

இதில் இன்னொரு அனுகூலமும் இருக்கிறது. புளியம்பருப்பில் நெசவுக்குக் கஞ்சி போட உதவும் அதே பசை, தீவன உருண்டையையும் இறுக்கிப் பிடிக்கிறது. உருண்டைகளைத் துளையிட்ட சாக்கில் போட்டுக் கழியில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டால், தவிடு கரைந்து தண்ணீரைக் கலக்குவது நன்றாகக் குறைகிறது.

ஆனால் அந்தப் பசை அளவு மீறினால் மீனின் குடலில் செரிமானத்தை மந்தமாக்கும். 20 சதவீதத்தைத் தாண்டி நான் போனதில்லை. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் எங்கள் குட்டையில் தயங்காமல் சாப்பிடுகின்றன. விரலிக் குஞ்சுகளுக்கு நான் கொடுத்ததில்லை. அவற்றுக்குப் புரதம் இன்னும் கூடுதலாக வேண்டும் என்பதால் கடைத் தீவனம்தான். ஜிலேபி மீன் வளர்ப்பவர்கள் என் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், பாரூரில் உள்ள மீன் வளர்ப்பு ஆராய்ச்சி மையத்தில் கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் 10 சதவீதத்தில் ஆரம்பிக்கலாம். மறுநாள் சாக்கைத் தூக்கி அடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, காலியாக இருந்தால் மட்டும் கூட்டுங்கள்.