ஃபூடிபி என்ற உணவு வேதியியல் தரவுத்தளம்: ஒரு டயட்டீஷியனின் விமர்சனம்

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு உணவுத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. பழுதான சிறுநீரகம் வெளியேற்றத் திணறும் பொட்டாசியம், பாஸ்பரஸ், சோடியம் ஆகிய மூன்றோடுதான் என் பிழைப்பு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஊட்டச்சத்து அட்டவணையான ஃபுட்டேட்டா சென்ட்ரலைத் திறந்தால் 100 கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். கூட்டிக் கழித்து, எதைக் கொடுக்கலாம், எதைத் தள்ளலாம் என்று முடிவு செய்துவிடலாம்.

இந்தக் கணக்கு படுத்துவிடும் இடம் நட்சத்திரப் பழம். வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 358 மில்லிகிராம் பொட்டாசியம். நட்சத்திரப் பழத்தில் 133தான். அட்டவணையை மட்டும் நம்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவர் அதைச் சாப்பிட்டால் விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, சில சமயம் மரணம் வரைக்கும் போகும். வெகுகாலம் இதற்கான பழி அந்தப் பழத்தில் இருக்கும் ஆக்சலேட் என்ற உப்பின் மேலேயே இருந்தது. 2013-ல்தான் பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் பழத்திலிருந்து கேரம்பாக்சின் என்ற நரம்பு நச்சைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது வெளியேறிவிடுகிறது. இல்லாதவருக்கு ரத்தத்திலேயே தங்கி மூளையைத் தாக்குகிறது. அந்த மூலக்கூறுக்கு நான் பயன்படுத்தும் அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

சரி, ஊட்டச்சத்து அட்டவணைக்கு வெளியே இருப்பதையும் எழுதி வைத்திருக்கும் இடம் எது என்று தேடினால், எல்லாரும் கைகாட்டுவது ஃபூடிபி. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் விஷார்ட் குழு உருவாக்கிய இலவசத் தரவுத்தளம். சுமார் 800 உணவுகள், 70,000-க்கு மேல் சேர்மங்கள். உணவின் பெயரைச் சொல்லி உள்ளே போகலாம், சேர்மத்தின் பெயரைச் சொல்லியும் போகலாம். ஒரு சேர்மத்தைத் திறந்தால் அதன் கட்டமைப்பு, வேதி வகை, நிறம், மணம், சுவை, உடலில் அது செய்வதாகச் சொல்லப்படுவது, எந்தெந்த உணவில் இருக்கிறது என்று எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக வரும்.

எனக்குப் பிடித்தது வேறொன்று. மனித உடலில் காணப்படும் சிறு மூலக்கூறுகளுக்கான ஹெச்எம்டிபி என்ற தரவுத்தளமும் இதே குழுவினுடையதுதான். அதனால் தட்டில் இருப்பதிலிருந்து ரத்தத்தில் இருப்பது வரை ஒரு நூலைப் பிடித்துக்கொண்டே போக முடிகிறது. சிவப்பு இறைச்சியில் இருக்கும் கார்னிட்டின் என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடல் பாக்டீரியா அதை ட்ரைமெத்திலமைன் ஆக்கும், கல்லீரல் அதை டிஎம்ஏஓ ஆக்கும். இதய நோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படும் பொருள் இது. சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தில் இது வெளியேற வழியில்லாமல் ஏறிக் கிடக்கும். ‘புரதம் இத்தனை கிராம்’ என்ற ஒரே வரிக்குள் இந்தக் கதை எங்கே அடங்கும்?

இப்போது பூண்டுக்கு வருவோம், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் வருகிறார்கள். வலையமைப்பு அறிவியலாளர் ஆல்பர்ட்-லாஸ்லோ பராபாஷியும் சக ஆய்வாளர்களும் நேச்சர் ஃபுட் இதழின் 2020 கட்டுரையில் ஒரு கணக்குச் சொன்னார்கள். அமெரிக்க வேளாண்மைத் துறை பச்சைப் பூண்டுக்குத் தரும் ஊட்டக்கூறுகள் 67. ஃபூடிபியில் பூண்டுக்கு அப்போது இருந்த சேர்மங்கள் 2,306. இந்த எண் அதற்கப்புறம் ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஒரு நோயாளியின் மகன் பூண்டு மாத்திரை விளம்பரத் தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார். ‘2,000-க்கு மேற்பட்ட மருத்துவச் சேர்மங்கள்’ என்று தடித்த எழுத்தில் இருந்தது. “மேடம், இது பெரிய டேட்டாபேஸ்ல இருக்கிற நம்பர்தானே, பொய் இல்லையே?” என்று கேட்டார்.

எண் பொய் இல்லைதான். ‘மருத்துவ’ என்ற அடைமொழிதான் மாத்திரைக்காரர் சேர்த்தது. அந்தப் பட்டியலில் சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், ஒன்றுக்கொன்று துளி வித்தியாசமுள்ள கொழுப்பு மூலக்கூறுகள் எல்லாம் தனித்தனிப் பெயராக நிற்கின்றன. அதைவிட முக்கியம், ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஃபூடிபி ஒரு நிலை குறித்திருக்கிறது: அளந்தது, கண்டறிந்தது ஆனால் அளக்காதது, இருக்கலாம் என்று எதிர்பார்ப்பது, கணினி கணித்தது. முதல் முறை உள்ளே போகிறவர் கண்ணில் இது படாது. படவேண்டியதோ இது ஒன்றுதான். அதே 2020 கட்டுரையின்படி, அன்று ஃபூடிபியில் இருந்த 26,625 சேர்மங்களில் 85 சதவீதத்துக்கு அளவே கிடையாது. பெயர் இருக்கிறது, மில்லிகிராம் இல்லை.

மில்லிகிராம் இல்லாத பட்டியலை வைத்துக்கொண்டு நான் யாருக்கும் எதையும் பரிந்துரைக்க முடியாது, தடுக்கவும் முடியாது. இது இரண்டு பக்கமும் வெட்டும். பல பழங்களில் ஃபார்மால்டிஹைடு இயற்கையாகவே மிகச் சிறிய அளவில் உண்டு. பெயரை மட்டும் பார்த்தவர் பழத்தையே தூக்கி எறிவார். பூண்டில் லூட்டியோலின் என்ற தாவரச் சேர்மத்தின் பெயரைப் பார்த்தவர் அது இதயத்துக்கு மருந்து என்பார். இரண்டு பேருமே ‘எவ்வளவு?’ என்று கேட்காதவர்கள்.

அளவு தந்திருக்கும் இடங்களில் ஃபூடிபி நேர்மையாக நடந்துகொள்கிறது என்பதையும் சொல்லவேண்டும். குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி, அந்த எண் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பது வரை இருக்கிறது. அமெரிக்க அட்டவணை, டென்மார்க்கின் அட்டவணை, தாவரவியலாளர் ஜேம்ஸ் டியூக்கின் பழைய தொகுப்பு, பாலிபீனால் என்ற தாவரச் சேர்மங்களுக்கென்றே பிரான்சில் உருவான ஃபீனால்-எக்ஸ்புளோரர் என்று பல கைகள். மூலம் எது என்ற அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கருவியில், வெவ்வேறு ரகச் செடியில் எடுத்த எண்கள் பக்கத்துப் பக்கத்து வரிகளில் உட்கார்ந்திருக்கும்.

பலர் விழும் பொறி இன்னொன்று. பட்டியல் நீளமாக இருந்தால் அந்த உணவில் சத்து அதிகம் என்று நினைத்துவிடுகிறார்கள். நீளம் காட்டுவது வேதியியலாளர்கள் அந்தச் செடிமேல் எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் என்பதைத்தான். தக்காளியும் பூண்டும் ஆய்வகத்துச் செல்லப் பிள்ளைகள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 2019-ல் சொன்னபடி, உணவுக்காக மனிதர் பயிரிட்ட தாவர இனங்கள் 6,000-க்கு மேல். உலகின் மொத்தப் பயிர் விளைச்சலில் 66 சதவீதம் வெறும் 9 பயிர்களிலிருந்து வருகிறது. அந்த 6,000-க்கு முன்னால் 800 என்பது ஆரம்பம்தான். உள்ளே இடம் கிடைத்த எத்தனையோ கீரைகளும் கிழங்குகளும் ஓரிரு ஆய்வின் பலத்தில் நிற்கின்றன. அவற்றின் பக்கம் மெலிந்து கிடப்பதைப் பார்த்து அவற்றைக் குறைவாக எடைபோடுவது அநியாயம்.

சமையல் என்று ஒன்று இருப்பதையும் இந்தத் தளம் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பூண்டுப் பல் முழுசாக இருக்கும்போது அதன் நெடிக்குக் காரணமான அலிசின் அதில் கிடையாது, அலிசினுக்கு மூலப்பொருளான அலியின்தான் இருக்கும். நசுக்கினால் அலினேஸ் என்ற நொதி அதன்மேல் பாய்ந்து நொடிகளில் அலிசின் ஆக்குகிறது. நசுக்காமல் முழுப் பல்லைக் கொதிநீரில் போட்டால் நொதி செத்துவிடும், அலிசினும் வராது. ஆக, ஒரே பூண்டுக்குக் கத்தியும் அடுப்பும் சேர்ந்து இரண்டு மூன்று வேதியியல் எழுதுகின்றன. நான் திட்டம் போடுவதோ சமைத்த உணவுக்கு. பாலிபீனால் மட்டும் போதும் என்பவர்களுக்கு நான் ஃபீனால்-எக்ஸ்புளோரரைச் சொல்வேன். 2013-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் வேகவைத்தால், பொரித்தால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கும் சேர்ந்தது.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்காகச் சில வரிகள். மூலக்கூறுகளை எடைபோடும் கருவியான நிறை நிறமாலைமானி கொடுக்கும் எடையை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது. ஆனால் எடை ஒன்றே போதாது. லூட்டியோலினும், கெம்ப்ஃபெரால் என்ற இன்னொரு தாவரச் சேர்மமும் ஒரே வாய்பாடு, இரண்டின் மூலக்கூறு எடையும் ஏறக்குறைய 286. கருவிக்குள் மூலக்கூறு உடைந்து வரும் துண்டுகளின் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் யார் என்று தெரியும். முழுத் தரவையும் இறக்கிக்கொள்ளலாம். மூலத்தைக் குறிப்பிட்டு, வணிகம் அல்லாத வேலைக்குப் பயன்படுத்த அனுமதி உண்டு.

மாற்று எதுவும் இல்லையா என்றால், ‘உணவின் தனிம அட்டவணை’ என்ற பொருளில் பெயர் வைத்த பிடிஎஃப்ஐ என்ற உலகளாவிய முயற்சி நடக்கிறது. அமெரிக்க இதய சங்கமும், பயோவர்சிட்டி இன்டர்நேஷனல்–சியாட் என்ற வேளாண் ஆய்வுக் கூட்டமைப்பும் நடத்துகின்றன. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆதரவு இருக்கிறது. நூலகத்தில் கிடைத்ததைத் திரட்டுவது ஃபூடிபியின் வழி. ஒரே முறை, ஒரே தரக் கட்டுப்பாட்டுப் பொருள்களை வெவ்வேறு நாட்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்து உணவுகளைப் புதிதாகவே அளப்பது இவர்கள் வழி. முதல் தவணையாக 500 உணவுகள் வந்திருக்கின்றன. எண்ணிக்கையில் சிறிது. ஆனால் ஒரு உணவின் எண்ணை இன்னொரு உணவின் எண்ணோடு கூச்சமில்லாமல் ஒப்பிட வேண்டுமென்றால் நான் இதன் பக்கம்தான் சாய்வேன்.

ஃபூடிபிக்கு என் மதிப்பெண் 5-க்கு மூன்றரை. ‘இந்த உணவில் என் அட்டவணைக்குத் தெரியாதது என்னவெல்லாம் இருக்கலாம்?’ என்று கேட்கும் மாணவருக்கு, ஆய்வாளருக்கு, ஆர்வக்கோளாறுள்ள என் போன்ற டயட்டீஷியனுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரிந்து இல்லை. ‘நாளைக்கு அப்பாவுக்கு என்ன கொடுக்கலாம்?’ என்று கேட்கும் குடும்பத்துக்கு இதைத் திறந்து காட்டமாட்டேன். அவர்களுக்குப் பழைய அட்டவணையே போதும், கூடவே நட்சத்திரப் பழம் வேண்டவே வேண்டாம் என்ற ஒரு வரி. அளந்தது முதல் கணினி கணித்தது வரையான அந்த நான்கு நிலைகளும் பக்கத்தின் உச்சியில், கண்ணில் குத்துகிற மாதிரி வண்ணத்தில் வந்தால் அரை மதிப்பெண் கூட்டித் தரத் தயார்.