காசு கொடுத்தால் ஆன்டி-சீட் திறக்காது: லினக்ஸில் கேம் ஆடுகிறவர்களுக்கு

லினக்ஸில் ஓடாத ஆன்லைன் கேமை ஓட வைத்துத் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். காசோடு கேம் கணக்கும் போனது, கணினியையும் துடைத்து மறுபடி நிறுவ வேண்டி வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எட்டு மாதமாக ஒரு துப்பாக்கிச் சண்டை கேமை, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற கருவி வழியாக ஆடிக்கொண்டிருந்தேன். 2018-இல் புரோட்டான் வந்த பிறகு லினக்ஸில் விண்டோஸ் கேம் ஆடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இறக்கினால் ஓடும், பெரும்பாலும் அவ்வளவுதான். ஒருநாள் ஒரு அப்டேட் வந்தது, அதோடு ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருளான ஆன்டி-சீட்டும் புதிதாக வந்தது. அன்றிலிருந்து மெனு திறக்கும், மேட்சுக்குள் போன சில நொடிகளில் வெளியே தள்ளிவிடும். ரீஃபண்டும் கேட்க முடியாது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் தருவார்கள் என்பது நான் கேம் வாங்கிய ஆன்லைன் கடையான ஸ்டீமின் பொது விதி. நானோ நூற்றுக்கணக்கான மணி நேரம் ஆடித் தீர்த்தவன்.

ஒரு அரட்டைக் குழுவில் புலம்பினேன். பத்து நிமிடத்தில் தனிச்செய்தி வந்தது.

“ப்ரோ, அந்த கேமா? என்கிட்ட பேட்ச் இருக்கு. நேத்துகூட மூணு பேருக்குப் போட்டுக் கொடுத்தேன்.”

கூடவே கேம் ஓடும் ஸ்கிரீன்ஷாட் ஒன்று. ஆசை யாரை விட்டது? பணத்தை அனுப்பினேன். பதிலுக்கு ஒரே ஒரு வரி வந்தது: கர்ல் என்ற பதிவிறக்கக் கட்டளை கொண்டு எங்கிருந்தோ ஒரு ஸ்கிரிப்டை இழுத்து, நேரே சூடோ பாஷுக்குள் ஊற்றும் வரி, அதாவது படித்துப் பார்க்காமலே முழு நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டிவிடும். இத்தனை வருடம் லினக்ஸ் ஓட்டுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் “தெரியாத கட்டளையை டெர்மினலில் ஒட்டாதே” என்று நானே பாடம் எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒட்டினேன். பாஸ்வேர்டையும் அடித்தேன்.

பச்சை நிறத்தில் முன்னேற்றப் பட்டை ஓடியது. “ஆன்டி-சீட் மாட்யூல் இணைக்கப்படுகிறது… 98%” என்று காட்டிக் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் “வெற்றி!” என்றது. கேமைத் திறந்தேன். பழையபடி மெனு, மேட்ச், வெளியே. அவனிடம் கேட்டால் “சர்வர் சிங்க் ஆகணும் ப்ரோ, 24 மணி நேரம் பொறுங்க” என்றான். அந்த 24 மணி நேரம் எனக்கு இல்லை, அவனுக்குத்தான் தேவைப்பட்டது. மறுநாள் காலையில் என் கணக்கின் மின்னஞ்சல் முகவரியே மாறியிருந்தது. இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தேனே என்றால், ஏற்கெனவே உள்நுழைந்து வைத்திருந்த அமர்வையே தூக்கிப் போனவனுக்கு அது எதற்கு?

பிறகுதான் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து படித்தேன். ஏறக்குறைய 140 வரிகள். முக்கால்வாசி வண்ண எழுத்து அச்சிடும் வரிகளும், நடுவே சில நொடி சும்மா காத்திருக்கச் சொல்லும் ‘ஸ்லீப் 3’, ‘ஸ்லீப் 5’ வரிகளும். நான் நகம் கடித்தபடி பார்த்த அந்த 98% வெறும் தூக்கம். உண்மையான வேலை நாலைந்து வரிகளில் முடிந்துவிட்டது: உள்நுழைந்த அமர்வுகள் இருக்கும் பிரவுசரின் குக்கீ கோப்புறையையும் ஸ்டீமின் அமைப்புக் கோப்புகளையும் ஒரே பொட்டலமாகக் கட்டி வெளியே அனுப்பு. கடைசியில், சிஸ்டத்தின் சொந்தச் சேவை போலவே பெயர் வைத்த ஒரு டைமர், மணிக்கொரு முறை அவன் சர்வரோடு பேசும். ரூட்டாக, அதாவது முழு நிர்வாகி அதிகாரத்தோடு ஓடியது என்பதால் வேறு எங்கே என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுவதில் அர்த்தமே இல்லை. வேறொரு கணினியிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன், எல்லா இடத்திலும் அமர்வுகளை ரத்து செய்தேன், வட்டை அழித்து முதலிலிருந்து நிறுவினேன். வாங்கிய ரசீதுகளைக் காட்டிக் கணக்கை மீட்க இரண்டு வாரம் ஆனது.

அவன் விற்றது இருக்கவே முடியாத சரக்கு என்பதுதான் எரிச்சல். ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட்கள் இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் அந்த வழியைத் தன் கேமுக்குத் திறக்க வேண்டியது கேமை உருவாக்கியவர், நம் பக்கத்தில் திருப்ப எந்தச் சாவியும் இல்லை. 2024 செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனுக்கு பேட்டில்ஐ வந்தபோது லினக்ஸ்காரர்கள் வெளியே நின்றது இதனால்தான். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த கேம்தான், 2024 அக்டோபர் கடைசியில் அதை உருவாக்கியவர்களே கதவைச் சாத்தினார்கள். வாலரன்ட் கேமின் ஆன்டி-சீட்டான வேன்கார்ட் மாதிரி விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் டிரைவராக உட்காருவது என்றால் பேச்சே இல்லை. புரோட்டானுக்கு அடிப்படையான வைனும் புரோட்டானும் கேமின் அழைப்புகளை மொழிபெயர்க்கும், விண்டோஸ் கெர்னலை அவை கொண்டுவருவதில்லை.

அதனால் ஆன்லைன் கேம் வாங்கும்முன் அதில் எந்த ஆன்டி-சீட், லினக்ஸில் விடுகிறார்களா என்று பாருங்கள். எந்த கேம் லினக்ஸில் எப்படி ஓடுகிறது என்று ஆடுகிறவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் பழைய ‘பிளாட்டினம்’ மதிப்பீட்டை நம்பாமல் இந்த மாதம் எழுதியதைப் படியுங்கள். வாங்கியதும் மெனுவைப் பார்த்துத் திருப்திப்படாமல், 2 மணி நேரம் தாண்டும்முன் ஒரு முழு மேட்ச் ஆடிவிடுங்கள். தனியாக ஆடும் கேம்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

போன வாரம் வேறொரு குழுவில் அதே ஸ்கிரீன்ஷாட் கண்ணில் பட்டது. ஆள் பெயர் வேறு. இந்த முறை பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே பாதி வெட்டுப்பட்ட பட்டையின் ஓரத்தில் விண்டோஸின் ஸ்டார்ட் பொத்தான் தெரிந்தது.