சந்திராவா எக்ஸ்எம்எம்-ஆ, கேலெக்ஸா யூவிட்டா: எந்த வேலைக்கு எந்த டெலஸ்கோப்?

விண்வெளில சுத்தற எக்ஸ்ரே டெலஸ்கோப்ல எது டாப்புன்னு கேட்டா பொதுவா எல்லாரும் நாசாவோட சந்திரான்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா அது எடுத்த படங்கள்தான் எங்க பாத்தாலும் சுத்துது. படம்னு வந்தா அதை அடிச்சுக்க ஆளே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா ஒரு நட்சத்திரத்தப் பத்தியோ கேலக்ஸியப் பத்தியோ நாம தெரிஞ்சுக்க நினைக்கறது பாதி நேரம் படத்துல இருக்கறதில்ல, ஸ்பெக்ட்ரம்ல (வெளிச்சத்தை எனர்ஜி வாரியாப் பிரிச்சுப் பாக்கறது) இருக்கும், இல்லன்னா வெளிச்சம் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்கறதுல இருக்கும், அங்கல்லாம் வேற ஆளுதான் கெத்து. அதனால ஸ்பெக் ஷீட்டை மட்டும் வச்சு மார்க் போடாம, எந்தக் கேள்விக்கு எது உதவுதுன்னு பாப்போம்.

முதல்ல கண்ணாடி, ஏன்னா எல்லா வித்தியாசமும் அங்கதான் ஆரம்பிக்குது. எக்ஸ்ரே நேரா கண்ணாடில மோதினா திரும்பி வராது, உள்ள போயிரும். குளத்துல ஓட்டாஞ்சில்லை சாய்ச்சு வீசினா தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி ரொம்பச் சாய்வா உரசிப் போனாத்தான் திரும்பும். அதனால எக்ஸ்ரே கண்ணாடி தட்டு மாதிரி இருக்காது, கிட்டத்தட்ட குழாய் மாதிரி இருக்கும், அதையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி வைப்பாங்க.

இங்கதான் நாசாவும் ஐரோப்பாவும் எதிரெதிர் திசைல போனாங்க. 1999 ஜூலைல கொலம்பியா ஷட்டில்ல போன சந்திராவுக்கு நாலே நாலு ஜோடி குழாய்தான், 2 சென்டிமீட்டர் பக்கம் கனமான கண்ணாடி, மேல இரிடியம் பூச்சு, வழவழன்னு தேய்ச்சதுக்குப் பலன் 0.5 ஆர்க்செகண்ட் துல்லியம். (ஒரு டிகிரியை 3600-ஆப் பிரிச்சா ஒரு பங்குதான் ஆர்க்செகண்ட், முழு நிலா அகலம் 1800 ஆர்க்செகண்ட் பக்கம் இருக்கும், கணக்குப் போட்டுக்கங்க.) அதே வருஷம் டிசம்பர்ல ஏரியான் 5-ல போன எக்ஸ்எம்எம்-நியூட்டன்ல மூணு டெலஸ்கோப், ஒவ்வொண்ணுலயும் 58 குழாய், தங்கப் பூச்சு போட்ட மெல்லிசான நிக்கல் தகடு, தடிமன் ஒரு மில்லிமீட்டர் பக்கம்தான், உள்ள போகப் போக அதுல பாதி ஆயிரும். மெல்லிசா இருக்கறதால நெறைய அடுக்கலாம், நெறைய அடுக்கினா நெறைய போட்டான் (ஒளித் துகள்) பிடிக்கலாம், ஆனா அவ்ளோ மெல்லிசுல சந்திரா அளவுக்கு வடிவம் துல்லியமா வராது, அதனால ஒரு புள்ளியோட நடுப்பகுதியே 6 ஆர்க்செகண்டுக்குப் பரவிரும். ஆக ஒருத்தர் கூர்மையை எடுத்துக்கிட்டாரு, இன்னொருத்தர் வெளிச்சத்தை எடுத்துக்கிட்டாரு.

கூர்மை எங்க ஜெயிக்கும்னா நெரிசலான இடத்துல. ஓரியன் நெபுலாவை எடுத்துக்கங்க, 2003 ஜனவரில சந்திரா 13 நாள் பக்கம் கிட்டத்தட்ட அங்கயேதான் பாத்துக்கிட்டு இருந்துது, ஒரே ஃபீல்டுல 1600-க்கு மேல எக்ஸ்ரே புள்ளிகள் கிடைச்சுது, பெரும்பாலும் இப்பத்தான் பொறந்த இளம் நட்சத்திரங்கள், அதுங்க சூரியனை விட எவ்வளவோ மோசமா ஃபிளேர் (திடீர் வெடிப்பு) அடிக்குதுன்னு தனித்தனியா எண்ணிச் சொல்ல முடிஞ்சுது. நடுவுல இருக்கற டிரபீசியம் நட்சத்திரங்கள் நாலும் 20 ஆர்க்செகண்ட் பக்கத்துக்குள்ள அடங்கிரும், எக்ஸ்எம்எம்ல அந்த ஏரியாவே ஒரே குழம்பாத்தான் வரும், எந்த நட்சத்திரம் ஃபிளேர் அடிச்சுதுன்னு சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது.

அப்ப எக்ஸ்எம்எம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு எனக்குப் பிடிச்ச ஒரு கதை இருக்கு. கேலக்ஸி கூட்டங்களுக்குள்ள கோடிக்கணக்கான டிகிரி சூட்டுல கேஸ் நிரம்பிக் கிடக்கு, எக்ஸ்ரேயை வெளிய விட்டுட்டே இருக்கறதால அது ஆறணும், ஆறி ஆறி வருஷத்துக்கு நூத்துக்கணக்கான சூரியன் எடை அளவுக்கு மையத்துல போய் விழணும்னு ரொம்ப நாளா கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க. 2001-ல எக்ஸ்எம்எம்ல ஸ்பெக்ட்ரத்தைப் பிரிச்சுக் காட்டற கிரேட்டிங் ஸ்பெக்ட்ரோமீட்டர் வச்சுப் பாத்தா, ஆறின கேஸ்ல இருந்து வர வேண்டிய இரும்பு லைன்கள் (இரும்பைக் காட்டற ஸ்பெக்ட்ரம் கோடுகள்) அந்தக் கணக்குக்கு வரவே இல்ல! ஏதோ ஒண்ணு கேஸை ஆறவிடாமச் சூடாக்கிட்டு இருக்குன்னு ஆச்சு. அது எதுன்னு காட்டினது யாருன்னா சந்திரா, பெர்சியஸ் கூட்டத்து மையத்துல இருக்கற ராட்சச பிளாக் ஹோல் ஊதி விட்ட குமிழ்களும், அதைச் சுத்தி அலை அலையாப் பரவுற கேஸும் படத்துல அப்பட்டமாத் தெரிஞ்சுது. குற்றம் நடந்திருக்குன்னு கண்டுபிடிச்சது ஒருத்தர், ஆளை அடையாளம் காட்டினது இன்னொருத்தர். எக்ஸ்எம்எம் ஸ்பெக்ட்ரம் இல்லன்னா அந்தக் குமிழ்களை அழகான படம்னு லைக் போட்டுட்டுப் போயிருப்போம்.

ஆர்பிட்டையும் சேத்துப் பாக்கணும். எக்ஸ்எம்எம்க்கு ஒரு சுத்து 48 மணி நேரம், சந்திராவுக்கு 64 மணி நேரம், ரெண்டுமே நீளமான முட்டை வடிவப் பாதை, அதனால பூமி குறுக்க வராம மணிக்கணக்கா ஒரே இடத்தைப் பாக்கலாம். அதுக்கு விலை என்னன்னா, அந்த உயரத்துல எக்ஸ்எம்எம்மை அடிக்கடி புரோட்டான் மழை தாக்கும், நல்ல டேட்டாவுல ஒரு பெரிய பகுதியை வெட்டி எறிய வேண்டியிருக்கும். சந்திராவுக்கு வயசாயிருச்சு, டிடெக்டர் ஃபில்டர் மேல அழுக்குப் படிஞ்சு குறைஞ்ச எனர்ஜி எக்ஸ்ரே இப்ப முன்ன மாதிரி வர்றதில்ல. குறைஞ்ச எனர்ஜி எக்ஸ்ரே விடற சோர்ஸ்தான் உங்க ஆராய்ச்சின்னா புது டேட்டாவை விட 2000 பக்கத்துல எடுத்த பழைய டேட்டாவே தேவலாம். (சந்திராங்கற பேரு வந்தது நம்ம சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சுப்ரமணியன் சந்திரசேகர்ல இருந்து, அதுக்காக நான் அதுக்குக் கூடுதல் மார்க் போடல.)

இப்ப யூவி, அதாவது புற ஊதா பக்கம். சூடான இளம் நட்சத்திரம் எங்க இருக்கோ அங்க யூவி கொட்டும், அதனால ஒரு கேலக்ஸில அண்மைக் காலத்துல நட்சத்திரம் பொறந்துச்சான்னு பாக்க இது நல்ல வழி. நாசாவோட கேலெக்ஸ் 2003-ல போச்சு, 50 சென்டிமீட்டர் கண்ணாடி, ஒரே ஷாட்ல 1.2 டிகிரி, அதாவது ரெண்டரை நிலாவை வரிசையா வச்ச அகலம். வானத்துல முக்கால்வாசியை வாரிச் சுருட்டிருச்சு. எம்83 கேலக்ஸிக்கு நாம பாக்கற சுருள் முடிஞ்சு ரொம்ப தூரம் தள்ளியும் நட்சத்திரம் பொறந்துட்டு இருக்குன்னு கண்டுபிடிச்சது இதுதான், அகலமாப் பாத்ததாலதான் அது சிக்குச்சு. ஆனா கூர்மை 4, 5 ஆர்க்செகண்ட்தான், நட்சத்திரக் கூட்டத்துக்கு உள்ள போனா கையை விரிச்சிரும்.

அந்த இடத்துல நம்ம இந்தியாவோட ஆஸ்ட்ரோசாட் சாட்டிலைட்ல இருக்கற யூவிட்ங்கற யூவி டெலஸ்கோப் வருது. 2015 செப்டம்பர் 28 அன்னைக்கு ஸ்ரீஹரிகோட்டால இருந்து பிஎஸ்எல்வி சி30-ல போனது. 38 சென்டிமீட்டர் கண்ணாடி ரெண்டு, ஃபீல்டு (ஒரே ஷாட்ல பாக்கற அகலம்) 28 ஆர்க்மினிட் (ஒரு ஆர்க்மினிட்னா 60 ஆர்க்செகண்ட்), கூர்மை 1.5 ஆர்க்செகண்ட் பக்கம். கேலெக்ஸை விட கண்ணாடி சின்னது, படம் மூணு மடங்கு ஷார்ப், எப்படின்னா சாட்டிலைட் லேசா ஆடிக்கிட்டே இருந்தாலும் டிடெக்டர் நொடிக்கு 29 ஃபிரேம் பக்கம் எடுத்து ஒவ்வொரு போட்டான் விழுந்த இடத்தையும் குறிச்சு வச்சிக்கும், அதே நேரத்துல சாதா வெளிச்சத்துல பாக்கற இன்னொரு சேனல் நட்சத்திரங்கள் எவ்வளவு நகர்ந்துதுன்னு கணக்கு வைக்கும், அப்பறம் கீழ உக்காந்து கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் நேராக்கிக்கலாம். என்ஜிசி 188-ங்கற வயசான நட்சத்திரக் கூட்டத்துல, வயசுக்குப் பொருந்தாம நீலமா நிக்கற ஒரு நட்சத்திரத்துக்குச் சூடான துணை ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கறதை 2016-லயே யூவிட் காட்டிருச்சு.

ஹபிளோட ஒப்பிட்டா? 2.4 மீட்டர் கண்ணாடிக்கு முன்னாடி 38 சென்டிமீட்டர் என்னத்தப் பண்ணும்னு தோணும். ஹபிளோட ஃபார்-யூவி (சாதா வெளிச்சத்துல இருந்து ரொம்பத் தள்ளி இருக்கற, எனர்ஜி கூடின யூவி) கேமராவுக்கு ஃபீல்டு 35-க்கு 31 ஆர்க்செகண்ட்தான், யூவிட் அதை விட ரெண்டாயிரம் மடங்கு பரப்பைப் பாக்கும். அதோட டிடெக்டர்ல பின்னணி இரைச்சல் ரொம்பக் கம்மி. 2016 அக்டோபர்ல 28 மணி நேரத்துக்கு மேல பாத்து, 930 கோடி ஒளியாண்டு தூரத்துல இருக்கற ஏயூடிஎஃப்எஸ்01 கேலக்ஸில இருந்து ஹைட்ரஜனை உடைக்கற அளவு எனர்ஜி உள்ள யூவி வெளிய கசியறதைப் பிடிச்சுது, பூனேல இருக்கற ஐயூகாங்கற வானியல் ஆய்வு மையத்து டீம் 2020-ல வெளியிட்டாங்க. ஹபிள் திரும்பத் திரும்பப் பாத்துச் சலிச்ச ஏரியா அது, அதுலதான் இது மாட்டுச்சு.

ஆஸ்ட்ரோசாட்டோட இன்னொரு பலம், யூவியும் எக்ஸ்ரேயும் ஒரே நேரத்துல ஒரே இடத்தைப் பாக்கறது. பிளேசார் (பூமியைப் பாத்து ஜெட் பீச்சற ராட்சச பிளாக் ஹோல் உள்ள கேலக்ஸி மையம்) மாதிரி மணிக்கணக்குல மாறுற ஆளுக்கு இது இல்லாம முடியாது. எக்ஸ்எம்எம்லயும் நாசாவோட ஸ்விஃப்ட் சாட்டிலைட்லயும் கூட 30 சென்டிமீட்டர் யூவி டெலஸ்கோப் உண்டு, ஆனா ஃபார்-யூவி வராது. அதுக்காக ஆஸ்ட்ரோசாட்டை ரொம்பத் தூக்கி வைக்கவும் மனசு வரல: எக்ஸ்ரே படம் ஆர்க்மினிட் கணக்குல மங்கல், 650 கிலோமீட்டர் உயரம்தான்கறதால ஒவ்வொரு சுத்துலயும் பூமி குறுக்க வந்து டேட்டா அறுந்து அறுந்து வரும், யூவிட்டோட நியர்-யூவி (சாதா வெளிச்சத்துக்குப் பக்கத்துல இருக்கற யூவி) சேனல் 2018 மார்ச்லயே போச்சு.

இந்த டெலஸ்கோப்புகளோட டேட்டாவை டவுன்லோட் பண்ண உக்கார்றவங்களுக்கு நான் சொல்றது: நட்சத்திரக் கூட்டத்துக்குள்ள இருக்கற சூடான நட்சத்திரம்னா முதல்ல யூவிட் ஆர்க்கைவ், கேலக்ஸி ஓரம்னா கேலெக்ஸ்ல தேடிட்டு அப்பறம் யூவிட், நெருக்கமான எக்ஸ்ரே புள்ளிகள்னா சந்திரா, கேஸோட சூடும் அதுல என்ன தனிமம் இருக்குன்னும் வேணும்னா யோசிக்காம எக்ஸ்எம்எம். யூவிட்ல நியர்-யூவி வேணும்னா மட்டும் அப்சர்வேஷன் தேதி 2018 மார்ச்சுக்கு முன்னாடியான்னு பாத்துட்டு டவுன்லோடை அமுக்குங்க.